வேப்பெண்ணெயா, உள்ளியா, சவர்க்காரமா?

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி, ஒடுங்கின பல்கனி, பதினொரு சாடி. கறிவேப்பிலை, ரம்பை, புதினா, வல்லாரை, துளசி. இவ்வளவு உயரத்துக்கு மாவுப்பூச்சி எப்படித்தான் வந்து சேர்கிறதோ தெரியவில்லை, வந்துவிடுகிறது. எல்லோரும் சொல்லும் மூன்று வைத்தியத்தையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தாயிற்று.

வேப்பெண்ணெய்தான் மூன்றிலும் கெட்டிக்காரன், ஆனால் அவசரக்காரருக்கு ஆகாது. அதிலுள்ள அசாடிராக்டின் என்ற பொருள் பூச்சியை அந்த இடத்திலேயே சாகடிக்காது. தின்ன விடாது, தோலுரித்து வளர விடாது. அடுத்த நாள் காலை எட்டிப் பார்த்துவிட்டு எண்ணெயை ஏசுவதில் பயனில்லை. ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 மில்லிலீற்றர் எண்ணெய் போதும், அதையும் முதலில் கொஞ்சம் சவர்க்காரக் கரைசலோடு அடித்துக் கலக்க வேண்டும், நேரே ஊற்றினால் மேலே மிதக்கும். வெயிலில் சில நாளிலேயே வீரியம் போய்விடும் என்பதால் பொழுதுபட்ட பிறகு அடித்து, வாரத்துக்கு ஒருதரம் திருப்பி அடிப்பேன். யாழ்ப்பாணத்திலிருந்து யாராவது வேப்பங்கொட்டை கொண்டுவந்தால் இன்னும் நல்லது: பருப்பு 50 கிராம் இடித்து, ஒரு லீற்றரில் இரவு முழுக்க ஊறவைத்து வடித்தால் சரி.

குறை ஒன்றுதான், கைப்பு. புதினாவுக்கு அடித்து நாலாம் நாள், கழுவித்தான், சம்பல் அரைத்தேன். வீட்டில் ஒருவரும் இரண்டாந்தரம் கேட்கவில்லை.

உள்ளியும் செத்தல் மிளகாயும் அரைத்த கரைசலைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பூச்சியை விரட்டும், அவ்வளவுதான். ஒரு மழையோடு போய்விடும், கொழும்பில் மே தொடங்கினால் மழைக்கு என்ன பஞ்சம்? கடற்காற்று திருப்பி என் கண்ணிலேயே அடித்த அன்றோடு விட்டுவிட்டேன்.

பச்சையாகத் தின்னும் இலைக்கு என் தெரிவு சவர்க்காரத் தண்ணீர். உடுப்புத் தோய்க்கும் தூள் வேண்டாம், இலை கருகும். சாதாரண சவர்க்காரக் கட்டியைச் சீவி, லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி, முதலில் ஒரு இலையில் அடித்து ஒருநாள் பொறுத்துப் பாருங்கள். பூச்சியின் மேல் பட்டால்தான் வேலை, காய்ந்தபின் ஒன்றுமில்லை. ஆகவே இலையைத் திருப்பி அடிப்பக்கத்தையும் நனைக்க வேண்டும். காம்பு முளைக்கும் கவட்டில் பஞ்சு ஒட்டினமாதிரி மாவுப்பூச்சி இருக்கும் இடத்தைப் பழைய பல் துலக்கும் தூரிகையால் தேய்த்துவிட்டு, இரண்டு மணித்தியாலம் கழித்து நல்ல தண்ணீரில் கழுவி விடுவேன். மறுநாளே சமைக்கலாம்.

கறிவேப்பிலையில் குருவி எச்சம்போல ஒன்று ஒட்டியிருந்தால் அது எச்சமல்ல, வண்ணத்துப்பூச்சிப் புழு. தொட்டால் சிவந்த கொம்பை நீட்டி நாறும். அதற்குக் கைதான் மருந்து.

அப்புறம் எறும்பு. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புநீருக்காக அதைக் காவல் காப்பதே எறும்புதான், அதைத் தடுக்காமல் எதை அடித்தும் திரும்ப வரும். சாடியின் கீழ் தண்ணீர்த் தட்டு வைக்கச் சொல்வார்கள். இந்த ஊரில் அது டெங்கு நுளம்புக்கு வீடு கட்டிக் கொடுப்பது, பரிசோதகர் வந்தால் பதில் சொல்ல வேண்டியதும் நாம்தான். நான் சாடி வைத்த கம்பி ஸ்டாண்டின் நாலு காலிலும் வாசலின் பூசிவிடுகிறேன், தூசி படிந்ததும் துடைத்துவிட்டுத் திரும்பவும்.