புதுச்சேரி சட்டப்பேரவை பார்வையாளர் மாடம்: ஒரு காலை

கடலூர் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். முத்தியால்பேட்டையில் இருக்கும் நாத்தனார்தான் அனுமதிச் சீட்டு வாங்கித் தந்தார். பாரதி பூங்காவுக்கு எதிரே பேரவை. கைப்பேசியை வெளியே விட்டுவிட வேண்டும். மாடத்தில் கைதட்டக் கூடாது, பேசக் கூடாது. எனக்கு அது பழகிய ஒழுங்கு.

திருக்குறள் வாசித்து அவை தொடங்கியது. கேள்வி நேரம்தான் சுவை. நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்றால் அமைச்சர் நேரில் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் வரும். குறியில்லாததற்கு எழுத்தில் பதில் போதும். யாரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள முடியாது, எல்லாம் 'பேரவைத் தலைவர் அவர்களே' வழியாகத்தான். கோபத்தில் கொதிக்கிறவர்கூட அந்த அழைப்பைச் சொல்லி முடிப்பதற்குள் பாதி தணிந்துவிடுகிறார். யார் கண்டுபிடித்த வழக்கமோ, கெட்டிக்காரர்.

என் கண் நடு மேசையில் குறிப்பெடுப்பவர்களிடமே இருந்தது. மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுந்து பேசியபோதும் ஒருவரின் பேனா தயங்கவில்லை. அடுத்தவர் வந்ததும் வரி அறுபடாமல் கைமாற்றினார். நான் எழுந்து நின்று பாராட்டியிருப்பேன், விதி விடவில்லை.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 30 பேர், நியமன உறுப்பினர்கள் 3 பேர் வரை. சிறிய அவை என்பதால் முகபாவம்கூடத் தெரிகிறது. புதுச்சேரியின் தொலைதூரப் பகுதிகளான மாஹே, ஏனாம் பற்றிய பேச்சு வரும் நாளாகப் பார்த்துப் போங்கள். மானியக் கோரிக்கை, அதாவது துறைகளின் செலவுக்குப் பேரவையிடம் பணம் கேட்கும் விவாதம், நீளும். காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுச் செல்வது நல்லது.