மூன்று கட்டு வீட்டில் மெஷ் வைஃபை: இரண்டரை வருஷ அனுபவம்

எங்கள் வீடு செட்டிநாட்டில், பள்ளத்தூரில். முகப்பு ஒரு தெருவில், தோட்டத்துக் கதவு அடுத்த தெருவில். டேப் பிடித்து அளந்தபோது முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை 170 அடி வந்தது. முகப்பைத் தாண்டினால் வளவு, அதாவது நடுவில் முற்றம் வைத்த முதல் கட்டு, அப்புறம் இரண்டாம் கட்டு, அடுப்படி இருக்கிற மூன்றாம் கட்டு. ஒவ்வொரு கட்டுக்கும் நடுவில் இரண்டடி கனத்தில் செங்கல் சுவர். இந்த வீட்டில் மெஷ் வைஃபை, அதாவது பல பெட்டிகள் சேர்ந்து ஒரே பெயரில் வீடு முழுக்கக் கொடுக்கிற வைஃபை, போட்டு இரண்டரை வருஷம் ஆகிறது. மூன்று கோடை, இரண்டு மழைக்காலம், ஒரு பிள்ளையார் நோன்புக் கூட்டம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் பழைய வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களும், வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றுகிறவர்களும் என்னிடம் இதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் இருந்த நிலைமை இது. ஃபைபர் இணைப்பு தெருக் கம்பத்திலிருந்து முகப்புக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டது. 100 எம்பிபிஎஸ் திட்டம். திண்ணையில் உட்கார்ந்தால் 94 வரும். வளவில் 40. இரண்டாம் கட்டில் என் வேலை அறையில் 6 அல்லது 7, சில நேரம் அதுவும் இல்லை. அடுப்படியில் சுத்தமாகக் கிடையாது. மலேசியாவிலிருந்து அத்தை கூப்பிட்டால் அப்பத்தா கம்பை ஊன்றிக்கொண்டு வளவு வரைக்கும் நடந்து வர வேண்டும். அவருக்கு 84 வயது. எனக்கு ஆபீஸ் மீட்டிங் கெட்டதைவிட அதுதான் அதிகமாக உறுத்தியது.

மெஷ் வாங்குவதற்கு முன்னால் 1,800 ரூபாய்க்கு ஒரு எக்ஸ்டெண்டர் வாங்கிப் பார்த்தேன். அலையை வாங்கி அனுப்புகிற ஒரே ரேடியோவில் ரூட்டரிடம் வாங்கி, அதே ரேடியோவில் போனுக்குக் கொடுப்பதால் வேகம் பாதியாகிவிடும். போதாததற்கு அது தனிப் பெயரில் ஒரு வைஃபையைக் காட்டும். வளவிலிருந்து உள்ளே போகும்போது போன் பழைய சிக்னலையே பிடித்துக்கொண்டு தொங்கும். ஒரு மாதத்தில் கழற்றி வைத்துவிட்டேன்.

அப்புறம் வாங்கியதுதான் மூன்று பெட்டி கொண்ட மெஷ் செட். வைஃபை 6 (ஆறாவது தலைமுறை), இரட்டை அலைவரிசை (2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ்), அன்றைக்கு 17 ஆயிரம் சொச்சம். எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. இந்த விலையில் கிடைக்கிற செட்டுகள் உள்ளுக்குள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன. வித்தியாசம் வருவது பெட்டியை எங்கே வைக்கிறோம் என்பதில். அதைத்தான் நான் மெதுவாகக் கற்றுக்கொண்டேன்.

வாங்கிய அன்று எங்கெங்கே பிளக் பாயிண்ட் இருந்ததோ அங்கங்கே வைத்தேன். ஒன்று முகப்பில், ஒன்று வளவின் மூலையில், ஒன்று அடுப்படி அலமாரியில். அட்டைப் பெட்டியின் மேல் 5,000 சதுர அடிக்குமேல் போட்டிருந்தது. அந்தக் கணக்கு நம் வீட்டுச் சுவருக்குப் பொருந்தாது. வேலை அறையில் 15 வந்தது, அவ்வளவுதான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, போனில் சிக்னல் அளக்கிற ஆப்பைப் போட்டுக்கொண்டு வீடு முழுவதும் நடந்தேன். அது மைனஸ் கணக்கில் காட்டும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 67 வரை வீடியோ கால் தடங்கலில்லாமல் ஓடும். மைனஸ் 80 ஆகிவிட்டால் எதையும் நம்பிச் செய்ய முடியாது. வளவிலிருந்து இரண்டாம் கட்டுக்குப் போகிற நிலையைத் தாண்டி நின்றேன். மைனஸ் 66. அந்த இடத்திலேயே நின்று தேக்குக் கதவை இரண்டு பக்கமும் சாத்தினேன். மைனஸ் 74. திறந்தேன், மறுபடி 66. அப்படியே இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்து சுவருக்குப் பின்னால் போனேன். மைனஸ் 83.

அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. அலை சுவரைத் துளைத்துக்கொண்டு வரவில்லை. நம்மைப் போலவே வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறது. 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைக்கு வேகம் உண்டு, சுவரைக் கடக்கிற வலு குறைவு. 2.4 கொஞ்சம் கடக்கும், ஆனால் வேகம் கம்மி. இரண்டடிச் சுவருக்கு முன்னால் இரண்டுமே தோற்றுவிடும். ஆனால் நம் வீடுகளில் ஒரு வசதி இருக்கிறது. முன்வாசலில் நின்று பார்த்தால் நிலைகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் பின்வாசல் வரை தெரியும். வளவின் நடுவில் வானம் பார்த்த முற்றம். அந்தக் கோடுதான் அலைக்கும் பாதை. மூன்று பெட்டிகளையும் எடுத்து, கட்டுக்கு ஒன்றாக, அந்தக் கோட்டை ஒட்டி, ஆள் உயரத்தில் வைத்தேன். ஒரு ரூபாய் செலவில்லாமல் வேலை அறையில் 15 என்பது 55 ஆனது.

இரண்டு இடங்களில் மட்டும் கோளாறு மிச்சம் இருந்தது. வளவில் ஐயா காலத்து பெல்ஜியம் கண்ணாடி ஒன்று சுவர் நிறைய மாட்டியிருக்கிறது. பெட்டியை அதற்கு முன்னால் வைத்திருந்தேன். அதற்கு நேர் பின்னால் இருந்த அறையில் சிக்னலே இல்லை. கண்ணாடியின் பின்பக்கம் பூசியிருப்பது வெள்ளி, அதாவது உலோகம். அலையைத் திருப்பி அனுப்பிவிடும். பெட்டியை நாலடி தள்ளி வைத்ததும் சரியானது. இன்னொரு இடம் சாமான் அறை. ஆத்தாவுக்கும் அப்பத்தாவுக்கும் வந்த சீர்ப் பாத்திரங்கள், அண்டா, குண்டான், எவர்சில்வர் தூக்கு, பித்தளைக் குத்துவிளக்கு எல்லாம் தரையிலிருந்து பரண் வரை அடுக்கியிருக்கும். இரண்டாம் கட்டுக்கும் அடுப்படிக்கும் இடையில் அது ஓர் உலோகச் சுவர். அதை எந்தப் பெட்டியாலும் தாண்ட முடியவில்லை. மூன்றாவது பெட்டி இரண்டாவதிடமிருந்து காற்றில் வாங்கித்தான் கொடுக்க வேண்டும் என்பதால் அடுப்படியில் 18க்கு மேல் ஏறவே இல்லை.

எனவே ஈதர்நெட் கம்பி, அதாவது நெட்வொர்க் கம்பி, இழுப்பது என்று முடிவு செய்தேன். இந்த இரண்டரை வருஷத்தில் எடுத்த நல்ல முடிவு அதுதான். பெட்டிகளுக்கு நடுவே கம்பி இருந்தால் அவை ஒன்றுக்கொன்று பேச ரேடியோவைச் செலவழிக்க வேண்டியதில்லை. முழு ரேடியோவும் நம் போனுக்கும் லேப்டாப்புக்கும் கிடைக்கும்.

எலக்ட்ரீசியன் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "சுவத்துல மூணு ஓட்டை போட்டாப் போதும் தம்பி, ஒரு மணி நேர வேலை" என்றார். பட்டாலையில் உட்கார்ந்திருந்த அப்பத்தா உடனே, "ஏப்பா, சுவத்துல உளி வச்சிராத. அந்தப் பூச்சுப் பூச இப்ப ஆளில்லை" என்றார்.

அப்பத்தா சொன்னது சரி. சுண்ணாம்பை அரைத்து, பல அடுக்காகப் பூசி, கடைசியில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்து மெருகேற்றிய பூச்சு அது. நூறு வருஷத்துக்குப் பிறகும் உள்ளங்கையை வைத்தால் குளிர்ச்சியாக வழுக்கிக்கொண்டு போகும். டிரில் போட்டால் ஓட்டையைச் சுற்றி ஓடு மாதிரி பெயர்ந்து வரும். அதில் சிமெண்ட் வைத்து அடைத்தால் சாம்பல் நிறத் திட்டு நின்றுவிடும், கொஞ்ச நாளில் ஓரமும் விட்டுவிடும். ஏற்கெனவே ஏசிக்காக ஓட்டை போட்ட வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். வைஃபைக்காகத் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஓட்டை போடாமலேயே வழி இருந்தது. கதவுக்கு மேலே, சுவரில் உயரத்தில், ஒவ்வொரு கட்டிலும் காற்றுக்காக வெண்டிலேட்டர் வைத்திருக்கிறார்கள். தாழ்வார உத்திரத்தின் மேல் பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு இடுக்கு இருக்கிறது. கம்பியை அந்த இடுக்கில் படுக்க வைத்து, வெண்டிலேட்டர் வழியாக அடுத்த கட்டுக்குள் விட்டோம். ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. கீழே நின்று பார்த்தால் கம்பி தெரியாது. மொத்தம் 62 மீட்டர். ஈதர்நெட் கம்பி ஒரே ஓட்டமாக 100 மீட்டர் வரை போகலாம் என்பதால் நம் வீடுகள் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும்.

கம்பி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். முதலில் கடையில் கேட் 6 (ஈதர்நெட் கம்பியில் ஒரு தரம்) என்று கேட்டு வாங்கி வந்ததை எலக்ட்ரீசியன் அண்ணன் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "லேசா இருக்கே" என்றார். நுனியை உரித்து, பிளேடால் உள் இழையைச் சுரண்டினார். மேலே செம்பு நிறம், இரண்டு சுரண்டலில் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. அலுமினியத்துக்கு மேல் செம்பு முலாம். வளைத்தால் சீக்கிரம் ஒடியும், நீள ஓட்டத்தில் வேகமும் நிலைக்காது. திருப்பிக் கொடுத்துவிட்டு, முழுச் செம்புக் கம்பி வாங்கினோம். சுரண்டினால் கடைசி வரை செம்பாகவே இருக்க வேண்டும். கடையிலேயே ஒரு துண்டை வெட்டிச் சுரண்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கம்பி போட்ட பிறகு மூன்று கட்டிலும் 90க்குக் குறைவதில்லை.

முதல் ஐப்பசியில் ஒரு பாடம் கிடைத்தது. ராத்திரி பெரிய இடி. விடிந்து பார்த்தால் மூன்றாவது பெட்டியின் கம்பிப் பொருத்தும் துளை செத்துப் போயிருந்தது. இடி நேராக வீட்டில் விழ வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் எங்கோ விழுந்தாலே நீளமான செம்புக் கம்பியில் மின்அழுத்தம் எழும்பிவிடும். அந்தப் பெட்டியை மாற்றினேன், 6,000 ரூபாய். இரண்டாம் கட்டிலிருந்து அடுப்படிக்குப் போகிற ஓட்டம் ஓட்டு ஓரமாக வெளியில் போவதால், அதை மட்டும் ஃபைபராக மாற்றி இரண்டு நுனியிலும் மீடியா கன்வெர்ட்டர் (மின் சிக்னலை ஒளியாகவும், ஒளியை மறுபடி மின் சிக்னலாகவும் மாற்றுகிற சின்னக் கருவி) வைத்தோம். ஃபைபர் கண்ணாடி இழை, மின்சாரம் கடத்தாது. இரண்டாவது மழைக்காலம் ஒன்றும் ஆகாமல் போனது. அதற்கென்று பெரிய இடி வரும்போது பிளக்கைப் பிடுங்குவதை நிறுத்தவில்லை. கரண்ட் வழியாகவும் அது வரும்.

கரண்ட் என்றதும் இன்னொன்று. எங்கள் இன்வெர்ட்டர் முகப்புக்கும் வளவுக்கும் மட்டும்தான் ஓடுகிறது. இரண்டாம் கட்டுப் பெட்டி அணைந்தால் அதற்குப் பின்னால் இருக்கிற பெட்டிக்கும் இணைப்பு இல்லை. ஆகவே பின்கட்டுப் பெட்டிகளுக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் வைத்தேன். வாங்குவதற்கு முன்னால் அடாப்டரின் முதுகில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று படித்துக்கொள்ளுங்கள். எங்கள் பெட்டி இரண்டு ஆம்பியர் கேட்கும். ஒரு ஆம்பியர் யூபிஎஸ்ஸில் போட்டபோது அடிக்கடி அணைந்து எழுந்தது.

செட்டிங்கில் நான் மாற்றியது கொஞ்சம்தான். இணைப்புக் கம்பெனி கொடுத்த மோடத்தின் சொந்த வைஃபையை அணைத்தேன். இல்லையென்றால் முகப்பில் இரண்டும் மோதிக்கொள்ளும். மெஷ்ஷை ஆக்சஸ் பாயிண்ட் முறையில், அதாவது ரூட்டர் வேலையை மோடத்திடம் விட்டுவிட்டு வைஃபை மட்டும் கொடுக்கிற மாதிரி, போட்டேன். மோடமும் ரூட்டர், மெஷ்ஷும் ரூட்டர் என்று இரண்டு பேர் ஒரே வேலையைச் செய்தால் சில நேரம் ஆபீஸ் விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கிற பாதுகாப்பான வழி) தகராறு பண்ணும். இப்படி மாற்றினால் சில செட்டுகளில் பிள்ளைகளுக்கான நேரக் கட்டுப்பாடு போன்ற வசதிகள் வேலை செய்யாது, தெரிந்துகொண்டு மாற்றுங்கள். நடக்கும்போது போன் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குச் சட்டென்று மாற உதவுகிற வேக ரோமிங் என்கிற வசதியை இயக்கியபோது தோட்டத்துக் கதவு கேமரா இணைய மறுத்தது. அதை அணைத்தேன், கேமரா வந்துவிட்டது. அணைத்த பிறகும் போனில் பேசிக்கொண்டே முகப்பிலிருந்து அடுப்படி வரை நடந்தால் பேச்சு அறுவதில்லை.

எதை வாங்கலாம் என்று கேட்டால், உங்கள் இணைப்பு 100, 200 எம்பிபிஎஸ் என்றால் வைஃபை 6 இரட்டை அலைவரிசை தாராளம். வைஃபை 5 செட் மலிவாகக் கிடைத்தாலும் தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு பெட்டியிலும் குறைந்தது இரண்டு கம்பித் துளை இருக்கிறதா, அது ஜிகாபிட்டா (1,000 எம்பிபிஎஸ்) என்று பாருங்கள். மலிவான சில செட்டுகளில் 100 எம்பிபிஎஸ் துளைதான் இருக்கும். நாளைக்குத் திட்டத்தை உயர்த்தினாலும் கம்பியில் வேகம் ஏறாது. மூன்று அலைவரிசை செட், பெட்டிகள் பேசிக்கொள்ளப் பெரும்பாலும் தனி ரேடியோ வைத்திருக்கும். கம்பி இழுக்கவே முடியாத வீட்டுக்கு அது உதவும். கம்பி இழுக்க முடிந்தால் அந்தக் கூடுதல் பணத்தைச் செம்புக் கம்பிக்கும் எலக்ட்ரீசியன் கூலிக்கும் கொடுங்கள். வாங்குவதற்கு முன்னால் ஆப் வைத்துக்கொண்டு ஒரு தடவை வீட்டைச் சுற்றி நடங்கள். இரண்டு கட்டு வீட்டுக்கு இரண்டு பெட்டியே போதுமானதாக இருக்கலாம்.

போன மார்கழியில் பிள்ளையார் நோன்புக்குப் பங்காளிகள் எல்லாரும் எங்கள் வீட்டில் கூடினார்கள். ஆப்பில் பார்த்தபோது 53 கருவிகள் இணைந்திருந்தன. இழை எடுக்கிற (மாவு விளக்கில் நூல் திரியை ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்கிற) நேரத்தில் சிங்கப்பூரில் இரண்டு வீடு, கோலாலம்பூரில் ஒரு வீடு, மூன்றும் வீடியோவில். மாவு விளக்கில் திரி எரிவதை அங்கிருந்தே பார்த்துக்கொண்டு அவர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு தடவைகூடப் படம் நிற்கவில்லை. எனக்கு அன்றைக்குத்தான் செலவழித்த பணம் முழுசாக வசூலானது போல இருந்தது.

அத்தையின் போன் இப்போது அடுப்படிக்கே வருகிறது. அப்பத்தா முறுக்கு பிழியும்போதும் பேசுகிறார்.

ஒரே ஒரு வருத்தம், கம்பி இழுத்த அன்றைக்கே கூடவே இன்னொன்றையும் இழுத்திருக்கலாம். மேல்மாடி அறையில் இன்னும் 30தான் வருகிறது, கீழே இருக்கிற பெட்டியின் அலை மெட்ராஸ் தளத்தை, அதாவது மரச் சட்டத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட தளத்தை, தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. ஆவணி பிறந்ததும் வருவதாக எலக்ட்ரீசியன் அண்ணன் சொல்லியிருக்கிறார். மாடிப்படிக்கு மேலே ஒரு வெண்டிலேட்டர் இருக்கிறது, அதை அளந்து வைத்திருக்கிறேன்.