ரெட்டினாலா, அடாபலீனா? ரங்கூன் வெக்கையில் முகச்சுருக்கப் பூச்சுகள்

மார்ச் பிறந்துவிட்டால் ரங்கூனில் மேல்மாடி அறை அலமாரிக்குள் கை விட்டாலே சூடு தெரியும். கரண்ட் சில மணி நேரம் இருக்கும், சில மணி நேரம் இருக்காது. இல்லாத நேரத்தில் ஃபிரிட்ஜும் ஒரு பீரோதான். முகச்சுருக்கத்துக்கு எது நல்லது என்று இணையத்தில் சுற்றும் பட்டியல்கள் பெரும்பாலும் இந்த வெக்கையை நினைத்து எழுதப்பட்டவை இல்லை. அவற்றில் முதலிடம் வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ரெட்டினாலுக்கு. இந்த ஊரில் எண்ணெய்ச் சருமத்துக்கும் கலவைச் சருமத்துக்கும் நான் முதலிடம் தருவது அதே குடும்பத்துப் பரு மருந்தான அடாபலீன் 0.1 சதவீத ஜெல்லுக்கு. வறண்ட சருமத்துக்கு அதே மருந்தின் க்ரீம். இவற்றோடு, பர்மாவில் கட்டையை உரைத்து முகத்தில் பூசும் தனக்காவையும் வைட்டமின் சி சீரத்தையும் சேர்த்துப் பார்ப்போம்.

சரும வகையைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவி, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் விட்டு, டிஷ்யூ தாளை முகத்தில் ஒற்றி எடுங்கள். நெற்றி, மூக்கு, தாடையில் மட்டும் எண்ணெய் படிந்தால் கலவைச் சருமம். முகம் முழுக்கப் படிந்தால் எண்ணெய்ச் சருமம். தாளில் ஒன்றுமே இல்லாமல் தோல் இழுத்துப் பிடித்தால் வறண்ட சருமம். இதில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மே முதல் அக்டோபர் வரை மழைக்காலப் பிசுபிசுப்புக்காக நாளுக்கு 4 தடவை குளியல் சோப்பால் முகம் கழுவுகிறவர்களின் தோல் மேலே பளபளக்கும், உள்ளே காய்ந்து கிடக்கும். அவர்கள் சோப்பை 2 வாரம் நிறுத்திவிட்டுத்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். டிசம்பரில் செய்தால் வேறு பதில் வரும், மாண்டலேயில் செய்தால் இன்னொன்று.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். நம் மாநிறத் தோலில் வயது பெரும்பாலும் முதலில் நிறத்தில்தான் தெரியும்: கன்னத்தில் மங்கு, வாயோரக் கருமை, திட்டுத்திட்டான நெற்றி. கோடுகள் பிறகு வரும். எரிச்சல் கொடுக்கும் பூச்சு எதுவானாலும் ஆறிய பிறகு கருந்தழும்பை விட்டுப் போகலாம். ஆகவே வேகமாக வேலை செய்யும் பொருளைவிட, எரிக்காமல் மாதக்கணக்கில் பூசிக்கொண்டே போகக்கூடிய பொருள்தான் நமக்கு லாபம்.

தனக்காவிலிருந்து ஆரம்பிப்போம். பர்மாவில் பிறந்து வளர்ந்த தமிழ் வீட்டில் அதை உரைக்கும் வட்டக்கல் இல்லாமல் இருக்காது. மரம் நமக்கும் புதிதல்ல, தமிழ்நாட்டில் மகாவில்வம் என்பார்கள். ஷ்வேபோ ஊர்க் கட்டையோ ஷின்மதாவுங் மலைக் கட்டையோ, சந்தனம் போலவே பட்டைப் பக்கத்தைச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு உரைக்க வேண்டும். விழுது பூசியதும் குளிர்ச்சி, வியர்வையிலும் எண்ணெய் அடங்கும், வாசனையும் நன்றாக இருக்கும். எண்ணெய்ச் சருமத்துக்குப் பகல் பூச்சாக இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதைச் சன்ஸ்க்ரீன் என்று நம்புவதுதான் தவறு. பட்டையில் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் மார்மெசின் என்ற பொருள் இருப்பது உண்மை. அப்படியும் கன்னத்தில் இலை வடிவில் பூசிக் காய்ந்த மெல்லிய படலம் எஸ்.பி.எஃப் 30 பக்கம்கூட வராது. வறண்ட சருமத்தில் அது காயும்போது ஈரத்தையும் சேர்த்து இழுக்கும். மதியத்துக்குள் கண்ணோரத்தில் வெடித்து, இல்லாத கோட்டையும் வரைந்து காட்டும்.

இரண்டும் வேண்டும் என்றால் முதலில் சன்ஸ்க்ரீன், முகத்துக்கும் கழுத்துக்குமாக ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிழிந்தது. 15 நிமிடம் கழித்துத் தனக்காவைத் தேய்க்காமல் ஒற்றிப் பூசுங்கள். தேய்த்தால் அடியில் இருக்கும் படலம் கலைந்துவிடும். மங்கு இருப்பவர்களுக்கு இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயல் உள்ள சன்ஸ்க்ரீன் நல்லது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும், வெள்ளைச் சன்ஸ்க்ரீன்கள் அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. பால்குடம், தீமிதி என்று வெயிலில் நாள் முழுக்க நிற்கும் நாட்களில் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி பூச வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், யாரும் செய்வதில்லை.

வைட்டமின் சி சீரத்துக்கு வருவோம். எல்-அஸ்கார்பிக் அமிலம் 10 முதல் 20 சதவீதம், அமிலத்தன்மை பி.எச். 3.5-க்குக் கீழே என்றால் அது வேலை செய்யும் சீரம். நிறத் திட்டுக்கு நல்லது, வெயில் சேதத்துக்கு எதிராகவும் உதவும். சிக்கல் குப்பியில். சொட்டுமூடியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் காற்று உள்ளே போகும். தண்ணீர் போல் இருந்தது வைக்கோல் நிறமாகும், பிறகு டீத்தண்ணீர் நிறம். டீ நிறமாகிவிட்டால் காசு போய்விட்டது, பூசினால் தோலில் மஞ்சள் கறைதான் மிஞ்சும். குளிர்ந்த ஊரில் 3 மாதம் வரும் குப்பி, சித்திரை வெயிலில் அதில் பாதி நாள் வந்தாலே பெரிது. சோடியம் அஸ்கார்பில் பாஸ்பேட் போன்ற வழிப்பொருட்கள் கெட்டுப்போக நாளாகும், ஆனால் அவற்றின் பலனுக்குச் சான்று குறைவு. அந்தக் காசில் நியாசினமைடு (வைட்டமின் பி3 வகை) 5 சதவீதம் வாங்குவது மேல். சூட்டைத் தாங்கும், எந்தச் சருமத்துக்கும் ஒத்துப்போகும், விலையும் குறைவு.

இனி அசல் போட்டி. ரெட்டினாலும் அடாபலீனும் ஒரே குடும்பம், இரண்டும் வைட்டமின் ஏ-யின் வேலையைத் தோலில் செய்பவை. செல்களை வேகமாகப் புதுப்பிக்கும், அடைத்த துவாரங்களைத் திறக்கும். நீண்ட காலம் பூசினால் தோலைத் தாங்கும் புரதமான கொலாஜனின் சிதைவைக் குறைக்கும். ரெட்டினால் தோலுக்குள் போய் முதலில் ரெட்டினால்டிஹைடாகவும் பிறகு ரெட்டினாயிக் அமிலமாகவும் மாறிய பிறகுதான் வேலை தொடங்கும், வழியில் கணிசமாக வீணாகும். அடாபலீன் மாற வேண்டியதில்லை, நேரடியாக வேலை செய்யும்.

ஆனாலும் தீர்ப்பு வேறு இடத்தில் இருக்கிறது. ரெட்டினால் மூலக்கூறுக்கு நீண்ட வால் உண்டு, அதில் வரிசையாக இரட்டைப் பிணைப்புகள். காற்றில் இருக்கும் ஆக்சிஜன், வெளிச்சம், சூடு மூன்றுமே கடிப்பது அந்த வாலைத்தான். அடாபலீனை உருவாக்கியவர்கள் அந்த வாலை எடுத்துவிட்டு உறுதியான வளையங்களை வைத்தார்கள். அதனால் வெளிச்சம் பட்டாலும் காற்று பட்டாலும் அது எளிதில் சிதையாது. பென்சாயில் பெராக்சைடு என்ற கடுமையான ஆக்சிஜனேற்றியோடு ஒரே ட்யூபில் கலந்து விற்கும் அளவுக்கு உறுதி. ரெட்டினாலை அப்படிக் கலந்து விற்க முடியாது.

இதை வீட்டு நடப்போடு பொருத்திப் பாருங்கள். அனவ்ரதா சாலைப் பக்கம் ஒரு கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள், ட்யூப்லைட்டுக்குக் கீழே, மாதக்கணக்கில் நிற்கும் கண்ணாடிக் குப்பி ரெட்டினால். எந்தச் சூட்டில் கப்பலில் வந்தது, கிடங்கில் எத்தனை நாள் கிடந்தது என்று அட்டை சொல்லாது. பல அட்டைகளில் எத்தனை சதவீதம் என்பதுகூட இருக்காது. வாங்கும்போதே அரை வீரியம் போயிருந்தாலும் கண்டுபிடிக்க வழியில்லை, ஏனென்றால் கெட்ட ரெட்டினால் பெரும்பாலும் எரிக்காது. சும்மா இருக்கும். பூசுகிறவர் 'எனக்கு நன்றாக ஒத்துக்கொள்கிறது' என்று சந்தோஷப்படுவார். நிறம் முன்பைவிட அழுத்தமான மஞ்சளாவதும் ஊசிப்போன எண்ணெய் வாடையும்தான் அடையாளம், அவையும் தாமதமாகத்தான் தெரியும். கரண்ட் வந்து போகும் ஃபிரிட்ஜில் வைத்தால் குளிர்வதும் சுடுவதுமாக க்ரீமின் எண்ணெய் தனியே பிரியும் வாய்ப்பு வேறு. அடாபலீன் ட்யூபை 25 டிகிரிக்குள் வைக்கச் சொல்லித்தான் அட்டையில் இருக்கும், அதற்கும் வெக்கை நல்லதில்லை. ஆனால் அறையின் அடித்தட்டில், சமையலறைக்கும் ஜன்னலுக்கும் தள்ளி, ஒரு மண்சட்டிக்குள் வைத்தாலே காலத்தை ஓட்டிவிடலாம்.

ஒப்புக்கொள்ள வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். வெயிலால் வந்த சுருக்கத்துக்கு உறுதியான சான்று உள்ளது, ரெட்டினாயிக் அமிலமே மருந்தாக வரும் ட்ரெட்டினாயினுக்குத்தான். அமெரிக்காவில் 1995-ல் அதற்கென்றே அனுமதி பெற்றது. அடாபலீன் 1996-ல் அங்கே பருவுக்காக வந்தது, 2016-ல் 0.1 சதவீத ஜெல்லை மருந்துச்சீட்டு இல்லாமலே விற்க அனுமதித்தார்கள், அதுவும் பருவுக்குத்தான். சுருக்கத்துக்கு அதைச் சோதித்த ஆய்வுகள் சிறியவை, நம்பிக்கை தருகின்றன, அவ்வளவே. ஆழமான நெற்றிக்கோடு மறையும் என்று யாருக்கும் வாக்குத் தர மாட்டேன். ட்ரெட்டினாயின் ஏன் இந்தப் போட்டியில் இல்லை என்றால், வெளிச்சத்தில் சிதைவதோடு எரிச்சலும் அதற்கு அதிகம், தோல் மருத்துவரின் கண்காணிப்பும் வேண்டும்.

வாங்கும்போது ட்யூபைத் திருப்பிச் சேர்மானத்தைப் படியுங்கள். 'அடாபலீன் 0.1 சதவீதம்' என்று மட்டும் இருக்க வேண்டும். கிட்டத்தட்ட அதே அட்டையில் க்ளிண்டாமைசின் கலந்ததும் வரும். அது ஆன்டிபயாட்டிக், சுருக்கத்துக்காக மாதக்கணக்கில் பூசக் கூடாது. பென்சாயில் பெராக்சைடு கலந்தது தலையணை உறையை வெளுத்துவிடும், வறண்ட தோலையும் உரித்துவிடும். பெயரில்லாத டப்பாவில் 'வெள்ளையாக்கும் நைட் க்ரீம்' கொடுத்தால் வாங்கவே வேண்டாம். பாதரசமோ ஸ்டீராய்டோ இருக்கலாம். ஸ்டீராய்டு முதல் மாதம் முகத்தைப் பளபளக்க வைத்து, பிறகு தோலை மெலிய வைத்து இரத்த நாளம் தெரியச் செய்யும்.

பூசும் முறையில்தான் பலர் தோற்கிறார்கள். இரவு முகம் கழுவி, நன்றாகக் காய 20 நிமிடம் விடுங்கள். ஈரத்தோலில் மருந்து வேகமாக இறங்கி எரிக்கும். முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவுதான். அதை நெற்றி, இரு கன்னம், தாடை என்று நாலு பொட்டாக வைத்துப் பரப்புங்கள். மூக்கோர மடிப்பு, உதட்டு மூலை, கண் இமை மூன்றிலும் முதலில் கொஞ்சம் வாசலின் தடவிவிட்டால் அங்கே மருந்து தேங்காது. முதல் 2 வாரம் வாரத்துக்கு 2 இரவு, அடுத்த 2 வாரம் 3 இரவு, பிறகு ஒன்றுவிட்டு ஒரு இரவு. எண்ணெய்ச் சருமம் மூன்றாவது மாதத்தில் தினமும் தாங்கும். வறண்ட சருமத்துக்கு மாய்ஸ்சரைசர், அதன் மேல் மருந்து, அதன் மேல் மறுபடி மாய்ஸ்சரைசர் என்று போட்டால் எரிச்சல் குறையும். இந்தக் கணக்கில் 15 கிராம் ட்யூப் ஏறக்குறைய 50 இரவு வரும், ஆக ஒரு ட்யூப் 3 மாதத்துக்குப் போதும்.

இரண்டாம் வாரம் வாயோரம் செதில் உரியும், சிலருக்குப் புதுப் பருவும் கிளம்பும். 3 இரவு விட்டுவிட்டு மறுபடி தொடங்கினால் போதும். நிறுத்தவே நிறுத்தாமல் 'பழகிவிடும்' என்று பூசுகிறவர்களுக்குத்தான் கருந்தழும்பு. உதட்டுக்கு மேலே த்ரெட்டிங் செய்ய 5 நாள் முன்பே அந்த இடத்தில் நிறுத்துங்கள், வாக்ஸ் போட்டால் தோலே உரிந்து வரும். வெள்ளிக்கிழமை மஞ்சள் தேய்த்துக் குளிப்பவர்கள் வியாழன் இரவு மருந்தை விட்டுவிடலாம், உரசல்தான் பிரச்சினை. உரியும் வாரங்களில் தனக்காவும் வேண்டாம், செதிலில் வெள்ளை வெள்ளையாக ஒட்டும். திட்டு வெளுக்க 3 மாதம், மெல்லிய கோட்டில் மாற்றம் தெரிய 6 மாதம்.

கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் அடாபலீன், ரெட்டினால் இரண்டையும் தொடக் கூடாது. அவர்களுக்கு அசெலாயிக் அமிலப் பூச்சு, மங்குக்கும் அதுவே நல்லது. எக்ஸிமா உள்ளவர்கள், எதைப் பூசினாலும் சிவக்கும் தோல் உள்ளவர்கள் நியாசினமைடோடு நிற்கட்டும்.

ரெட்டினாலுக்கு நான் விட்டுக்கொடுக்கும் ஒரே இடம் மாண்டலே மாதிரி வறண்ட ஊரில், வறண்ட தோல் உள்ளவர். பசையான க்ரீமில் வரும் குறைந்த அளவு ரெட்டினால் அவர்களுக்கு அடாபலீனைவிட இதமாக இருக்கும். அப்படியானால் வெளிச்சம் புகாத அலுமினிய ட்யூப் அல்லது காற்றுப் புகாத பம்ப், 30 மில்லிக்கு மேல் வேண்டாம், வாய் அகன்ற டப்பா கூடவே கூடாது. நவம்பரில் திறந்து பிப்ரவரிக்குள் தீர்க்கும்படி வாங்குங்கள். மார்ச்சில் மிச்சம் இருந்தால் கை முட்டிக்குப் பூசித் தீர்த்துவிடுங்கள், அடுத்த குளிருக்கு எடுத்து வைக்காதீர்கள்.