கண்ணுக்கு எம்.ஆர்.ஐ.: 1.5 டெஸ்லாவா, 3 டெஸ்லாவா?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் யாருக்காவது டாக்டர் கண்ணுக்கு எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தால், வீட்டில் கிளம்பும் முதல் பேச்சு இதுதான்: "கோயம்புத்தூர்ல 3 டெஸ்லா மெஷின் இருக்கு, கீழேயே போயிடலாம்." போகலாம், தப்பில்லை. ஆனால் டெஸ்லாவை, அதாவது மெஷினின் காந்த பலத்தைச் சொல்லும் அளவை, மட்டும் பார்த்து மலை இறங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

3 டெஸ்லாவின் பலம் சிக்னல், அதாவது உடம்பிலிருந்து மெஷினுக்கு வரும் அலை. காந்தப்புலம் இரட்டித்தால் சிக்னலும் ஏறக்குறைய இரட்டிக்கும். படத் துண்டுகளை (உடம்பை நறுக்கிப் பார்ப்பதுபோல் எடுக்கும் அடுக்குகளை) மெல்லிசாக எடுக்கலாம். கண் நரம்பின் தடிமனே 3, 4 மி.மீ.தான். மூளைக்கு வழக்கமாக எடுக்கும் 5 மி.மீ. துண்டில் அது பக்கத்துக் கொழுப்போடு கலந்து மங்கிவிடும். பலவீனமும் அங்கேயே இருக்கிறது. கண்குழியை ஒட்டி சைனஸ் காற்றறைகள். காற்றும் சதையும் சேரும் இடத்தில் காந்தப்புலம் கோணும். 3 டெஸ்லாவில் அந்தக் கோணல் கூடுதல்.

1.5 டெஸ்லாவைக் காப்பாற்றுவது காயில் (coil), அதாவது சிக்னலை வாங்கும் ஆன்டெனா. கண்மேல் வைக்கும் சின்ன காயில் இருந்தால் கண்விழி பளிச்சென்று தெரியும். குழந்தைகளுக்கு வரும் விழித்திரைப் புற்றான ரெட்டினோபிளாஸ்டோமாவுக்கு ஐரோப்பிய நிபுணர்கள் 2012இல் தந்த வழிகாட்டுதல், 1.5 டெஸ்லாவோடு கண் காயில், அல்லது 3 டெஸ்லாவோடு தலைக் காயில் என்று இரண்டையுமே ஏற்கிறது. சின்ன காயிலுக்கு ஆழம் எட்டாது என்பதுதான் குறை. இரு கண் நரம்புகளும் சந்திக்கும் இடம் வரை பார்க்கத் தலைக் காயில்தான் வேண்டும்.

அடுத்தது கொழுப்பு. கண்குழி நிறையக் கொழுப்பு. டி1 என்ற வகைப் படத்தில் அது வெள்ளையாக எரியும். கான்ட்ராஸ்ட் ஊசி (பாதித்த இடத்தைப் படத்தில் வெளுப்பாகக் காட்டும் மருந்து) ஏறி வெள்ளையான நரம்பு அதற்குள் தொலைந்துபோகும். அதனால் படத்தில் கொழுப்பின் வெள்ளையை அடக்கியே ஆக வேண்டும். அதற்கான முறைகளில் மூன்றைப் பார்ப்போம். ஸ்டிர் முறை காந்தக் கோணலைத் தாங்கும். ஆனால் கான்ட்ராஸ்ட் ஏறிய சதையையும் சேர்த்து அமுக்கிவிடக்கூடும் என்பதால் ஊசிக்குப் பிறகு உதவாது. சாதாரண ஃபேட் சாட் முறை, சைனஸ் பக்கத்திலும் பல்லில் உலோகம் உள்ளவர்களிடமும் திட்டுத்திட்டாகச் சொதப்பும். டிக்சன் முறை இந்த இரண்டு வம்பையும் பெரிதும் தவிர்க்கிறது. என்னைக் கேட்டால், டிக்சன் உள்ள 1.5 டெஸ்லா, அது இல்லாத 3 டெஸ்லாவை விடத் தேவலை.

அப்புறம் கண் அசைவு. ஒரு வரிசைப் படம் சில நிமிடம் ஓடும். இமைத்தாலோ பார்வை அலைந்தாலோ படம் கலங்கும். மெல்லிய துண்டில் கலங்கல் இன்னும் தெளிவாகத் தெரியும் என்பதால் 3 டெஸ்லாவின் லாபம் இங்கே கரைகிறது. ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லி, இடைவெளியில் மட்டும் இமைக்கவிடும் டெக்னீஷியன் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. சில கண்மைகளில் இரும்பு ஆக்சைடு உண்டு, கண்ணருகே படத்தை வளைக்கும். கழுவிவிட்டுப் போங்கள்.

சரி, யாருக்கு எது? கண் நரம்பில் அழற்சி என்று சந்தேகித்தால் 3 டெஸ்லாவுக்கு இறங்கலாம். விழிக்குள் கட்டி என்றால் 1.5இல் கண் காயில் இருக்கிறதா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். டீ ஃபேக்டரிப் பட்டறையில் கிரைண்டிங், வெல்டிங் பார்ப்பவர் கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் தெறித்திருந்தால் இரண்டுமே இப்போது வேண்டாம்: காந்தம் அந்தத் துகளை நகர்த்திப் பார்வையைக் கெடுக்கலாம். முதலில் எக்ஸ்ரேயோ சி.டி.யோ எடுத்து, துகள் இல்லை என்று உறுதியான பிறகு எம்.ஆர்.ஐ.க்கு நேரம் வாங்குங்கள்.