ஒன்பது வருடம், ஒரு எயார் ரைஃபிள், மூன்று காற்றுக் குழாய்

போன கிழமை பள்ளிக்கூடக் கூட்டாளி ஒருத்தன் குரல் செய்தி அனுப்பியிருந்தான். "மச்சான், மகள் ஷூட்டிங் ஷூட்டிங் என்று நிக்கிறாள். கிளப் துப்பாக்கியோடு எத்தனை நாளைக்கு? சொந்தமாக ஒன்று எடுப்பம் என்று பார்க்கிறன். குறி தவறாத நல்ல சிங்கிள் ஷொட் ஒன்று சொல்லு." அந்த நேரம் பார்த்து என் கையில் ஒரு அலுமினியக் குழாய் இருந்தது. அதன் கழுத்தில் அடித்திருந்த திகதியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தேன். அதனால் ஒரு வரியில் முடிய வேண்டிய பதில் நீண்டுவிட்டது. அவனுக்கு எழுதியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே போடுகிறேன்.

என்னுடையது ஜெர்மனியில் செய்த, அமுக்கிய காற்று அடைத்த குழாய் பூட்டுகிற வகை. 2016இல் கிளப் சீனியர் ஒருவர் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தபோது அவரிடமிருந்து வாங்கினேன். கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் திட்டப் போகிற விஷயம் இந்த வகையில் எல்லோருக்கும் பொது, ஒருத்தரை மட்டும் இழுப்பது நியாயமில்லை. 10 மீட்டர் தூரம், 4.5 மில்லிமீட்டர் பெலட் (சின்ன ஈயக் குண்டு), டயோப்டர் (சிறு துளை வழியாகக் குறி பார்க்கிற கருவி) என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. துப்பாக்கி கிளப்பின் ஆயுத அறையில் இருக்கிறது, துப்பாக்கிக்கான கடிதங்களும் அங்கேதான். வெள்ளவத்தை வீட்டுக்கு வந்துபோவது குழாய் மட்டும். என் தலைவலி முழுக்க அந்தக் குழாய்தான்.

முதலில் "குறி தவறாத" என்று அவன் கேட்டதற்கு வருகிறேன். குறி அட்டையின் நடுவில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் பொட்டு. கிடுக்கியில் பூட்டிச் சுட்டால் இந்தத் துப்பாக்கி பத்துப் பெலட்டையும் ஒரே ஓட்டைக்குள் போட்டுவிடும். பெலட்டைவிடக் கொஞ்சம் பெரிய ஓட்டை, அவ்வளவுதான். இந்த வகுப்பில் ஒழுங்காகப் பராமரித்த எந்தத் துப்பாக்கியும் அப்படித்தான் போடும், இருபது வருடம் பழையது உட்பட. என்னைக் கிடுக்கியில் பூட்டத்தான் ஆளில்லை. ஆகவே துல்லியத்தைப் பார்த்துத் துப்பாக்கி தெரிவு செய்கிறேன் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பார்க்க வேண்டியது பாரம், கன்னக் கட்டை எவ்வளவு இறங்கும், தோள் தட்டை எவ்வளவு உள்ளே வரும், இதுகள்தான். விதிப்படி 5.5 கிலோ வரை போகலாம் என்பதற்காக அந்தப் பாரத்தைப் பிள்ளையின் இடுப்பில் ஏற்றக் கூடாது.

பெலட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தலையின் அளவு 4.49, 4.50, 4.51 என்று டப்பாவில் போட்டிருக்கும். ஒரே அளவிலும் தொகுதிக்குத் தொகுதி வித்தியாசம் உண்டு. வெளிநாட்டில் கிடுக்கியில் வைத்துச் சோதித்துப் பிடித்த தொகுதியை மொத்தமாக வாங்குவார்கள். கொழும்பில் யார் கையில் என்ன இருக்கிறதோ அதுதான் நமக்குப் பிடித்த தொகுதி.

இனி நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் மறந்துபோகும். விசை. முதல் இழுவை வெண்ணெய் மாதிரி வரும், ஒரு இடத்தில் சுவர் மாதிரி நிற்கும், அதற்குப் பிறகு நினைப்பு ஒன்றே போதும். ஒன்பது வருடத்தில் ஒரு நாளும் அந்தச் சுவர் இடம் மாறவில்லை. காற்றும் பெலட்டும் இல்லாமல் விசையை மட்டும் அடித்துப் பழகலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நாற்பது ஐம்பது தடவை டக், டக் என்று அடித்துவிட்டு, ஒரு பெலட்டும் சுடாமல் வீட்டுக்கு வந்திருக்கிறேன். மனைவிக்கு இது இன்றுவரை விளங்கவில்லை. எனக்கும் விளங்கப்படுத்தத் தெரியவில்லை.

அப்புறம் ஒவ்வொரு முறையும் ஒற்றைப் பெலட்டை விரலால் எடுத்து, பின்பக்க விளிம்பு நசுங்கியிருக்கிறதா என்று பார்த்து, பள்ளத்தில் வைத்து மூடுகிற அந்த நான்கு விநாடி. 75 நிமிடத்தில் 60 சூடு என்றால் அவசரம் போலத் தோன்றும், ஆனால் அந்த நான்கு விநாடிக்கு இடம் இருக்கிறது. போன சூட்டைத் துடைத்துவிடுவது அங்கேதான்.

சரி, குழாய்க்கு வருவோம்.

முழங்கை அளவு அலுமினியக் குழாய். 200 பார் அழுத்தத்தில் காற்று உள்ளே. கார் டயரில் இருப்பதைப் போல எண்பது மடங்குக்கு மேல். ஒருமுறை நிரப்பினால் இருநூறு சூட்டுக்கு மேல் தாராளமாக வரும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதை எங்கே போய் நிரப்புவது? ஜெர்மனியில் கிளப்பிலேயே கொம்ப்ரெசர் இருக்கும் என்று நினைத்துத்தான் இதைச் செய்திருக்கிறார்கள். நான் கல்கிசைப் பக்கம் சுழியோடிகளுக்குக் காற்று நிரப்புகிற ஒரு இடத்துக்குப் போவேன். அவர்களுடைய டாங்க்கின் வால்வு வேறு, என் குழாயின் புரி வேறு. இடையில் பூட்டுகிற பித்தளைத் துண்டுக்காகவே நான்கு மாதம் அலைந்தேன். அவர்களின் டாங்க்கும் 200 பார்தான். 200இலிருந்து 200க்கு ஊற்ற முடியாது, 180 வந்தால் அதிர்ஷ்டம். வீட்டுக்கு வந்து குழாயின் வெப்பம் ஆறியதும் அதிலும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

போகிற வழியும் ஒரு கதை. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கொஞ்சக் காலம் கொழும்பில் பையைத் திறந்து காட்டாமல் ஒரு கடைக்குள் போக முடியாமல் இருந்தது. நான் துணிப்பையில் குழாயோடு காலி வீதியில் பஸ்ஸால் இறங்கி, பால்மா வாங்குவம் என்று ஒரு கடை வாசலில் கால் வைத்தேன். காவலுக்கு நின்றவர் பையைத் திறந்தார். பளபளவென்று ஒரு உலோகக் குழாய், அதன் நுனியில் முள் ஆடுகிற அழுத்தமானி. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். என் வாயில் சிங்களம் முழுக்க வற்றிவிட்டது. "மேக்க மொகக்த?", இது என்ன என்றார். "ஹுளங் விதரய்", காற்று மட்டும்தான் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். பிறகு கிளப் கடிதம், அடையாள அட்டை, ஒரு தொலைபேசி அழைப்பு. முக்கால் மணித்தியாலம். கடைசியில் அவரே சிரித்துவிட்டார். பால்மா வாங்காமலே வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு குழாயோடு போகிற நாளில் ஓட்டோதான், வழியில் எங்கும் இறங்குவதில்லை. அந்த ஓட்டோச் செலவையும் துப்பாக்கியின் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த அலைச்சலைக் குறைக்கலாம் என்று 2018இலேயே ஒரு கைப்பம்பு வாங்கியிருந்தேன். நான் செய்த பெரிய பிழை அது. மரைன் டிரைவ் பக்கத்து வீடு, யன்னலைத் திறந்தால் கடல். அந்தக் காற்றை 200 பாருக்கு அமுக்கினால் உள்ளே போவது காற்று மட்டுமில்லை, தண்ணீரும்தான். பம்போடு ஈரம் உறிஞ்சுகிற ஃபில்டர் ஒன்று பூட்ட வேண்டும். நான் பூட்டவில்லை.

ஒன்றரை வருடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு விசித்திரம் தொடங்கியது. தொடர்ந்து சுட்டால் எல்லாம் சரி. கொஞ்சம் நின்று, தண்ணீர் குடித்துவிட்டு வந்தால், முதல் சூடு மேலே போகும். கோச்சிடம் சொன்னேன். மூச்சு, வயிறு, நிலை எல்லாம் பார்த்துவிட்டு, "இடையில் தண்ணீர் குடிக்காதே" என்றார். தடித்த கன்வஸ் ஜாக்கெட்டுக்குள், கொழும்பு வெக்கையில், தண்ணீர் குடிக்காமல் மூன்று மாதம் சுட்டேன். புள்ளி கூடியது! இடையில் நிற்காததால்தான் கூடியது என்று அப்போது விளங்கவில்லை.

கோளாறு ரெகுலேட்டரில். குழாயின் பெரிய அழுத்தத்தை ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரே அளவாகக் குறைத்துக் கொடுப்பது அதன் வேலை. உள்ளே அடைப்பு சரியாக மூடாவிட்டால், சும்மா நிற்கிற நேரத்தில் அழுத்தம் மெல்ல மெல்ல ஏறும். அடுத்த பெலட் கொஞ்சம் வேகமாகப் போகும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். விநாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் பெலட் 10 மீட்டருக்குள் 17 மில்லிமீட்டர் அளவில் கீழே விழும், 175 என்றால் 16. ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். வளையத்துக்கு வளையம் 2.5 மில்லிமீட்டர், ஆகவே ஒரு மில்லிமீட்டர் என்பது 0.4 புள்ளி. புள்ளியைத் தசமத்தில் எண்ணுகிற போட்டியில் 10.9க்கும் 10.5க்கும் இடையில் மனிதர்கள் அழுதிருக்கிறார்கள்.

திருத்துகிறவர் கழற்றிக் காட்டியபோது குழாய் வாயிலும் ரெகுலேட்டருக்குள்ளும் வெள்ளை மா போல ஒரு தூள். அலுமினியம் ஈரத்தில் அரித்த தூள். "கடலைக் கொண்டுவந்து ஊற்றினீங்களா அண்ணை?" என்றார். நியாயமாகப் பார்த்தால் துப்பாக்கியில் பிழையில்லை, என்னில்தான். ஓ-ரிங்குகள் (ரப்பர் வளையங்கள்) மாற்றி, துடைத்துப் பூட்டித் தந்தார். இன்றுவரை ஒழுங்காக வேலை செய்கிறது.

அந்த விஷயத்தில் நியாயம் பேசலாம். திகதி விஷயத்தில் என்னால் முடியவில்லை. இந்தக் குழாய்களுக்கு ஆயுள் பத்து வருடம். செய்த திகதி கழுத்தில் அடித்திருக்கும். குழாய் காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பார்ப்பது சுடுகிறவரின் பொறுப்பு, அதிகபட்சம் பத்து வருடம் என்று சர்வதேச விதியும் சொல்கிறது. இடது கைக்குப் பக்கத்தில் 200 பார் இருக்கும்போது அது தேவையான விதிதான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து எண்ணுவதில்லை, அடித்த திகதியிலிருந்து எண்ணுவது. நீங்கள் நிரப்பினாலும் ஒன்றுதான், பெட்டிக்குள் பூட்டி வைத்தாலும் ஒன்றுதான்.

துப்பாக்கியோடு வந்த முதல் குழாய் 2012. அது முடிந்தது 2022இல். எந்த வருடம் என்று பாருங்கள்! டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போன வருடம். பெற்றோல் வரிசையில் நின்றுகொண்டே ஜெர்மனியில் இருக்கும் பெரியம்மாவின் மகனுக்குப் போன் போட்டேன். அவர் பாவம், தெரிந்த ஒருவரிடம் பாதி விலைக்கு ஒன்று பிடித்து, காற்றை முழுக்க வெளியே விட்டு, வருகிற ஒருவரின் கையில் கொடுத்துவிட்டார். இங்கே அது அதிகாரிகளின் மேசை மேசையாக ஏறி இறங்கி மூன்று மாதத்துக்குப் பிறகு என் கைக்கு வந்தது. புத்தம் புதுசு போல மினுங்கியது. கழுத்தைப் பார்த்தேன். 2015.

திகதியைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, அவருக்கும் தெரியாது. மூன்று வருடத்துக்காக ஒரு மாதச் சம்பளத்தில் பாதி. இந்த வருடம் ஒரு போட்டியில் உபகரணச் சோதனை மேசையில் இருந்தவர் அந்தக் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த முறை சுடுங்கோ, அடுத்த முறை இதைக் கொண்டுவர வேண்டாம்" என்றார். அன்று 60 சூட்டில் ஒன்றுகூட என் நினைவில் இல்லை.

குழாய் வராத அந்த மூன்று மாதமும் கிளப்பின் பழைய ஃபைன்வெர்க்பாவ் 300எஸ் துப்பாக்கியை எடுத்துச் சுட்டேன். சுருள்வில்லும் பிஸ்டனும் வைத்தது. பக்கத்து நெம்பை இழுத்தால் கடகடவென்று பல்சக்கரச் சத்தம், ஒரு பெலட், மூடு, சுடு. சுடும்போது மேல்பகுதி முழுக்க மரக்கட்டையின் மேல் தண்டவாளத்தில் போலப் பின்னால் வழுக்கும், தோளுக்கு ஒன்றுமே தெரியாது. முதல் நாள் டயோப்டர் கண்ணை நோக்கி வந்தபோது பயந்தே போனேன். குறையும் உண்டு. கிட்டத்தட்ட ஐந்து கிலோ. ஒவ்வொரு சூட்டுக்கும் நெம்பை இழுக்க நிலை கலையும். பெலட் இல்லாமல் சும்மா சுட்டுப் பழகக் கூடாது. உள்ளே இருக்கிற அடைப்புகள் வயதில் உதிரும், அவ்வப்போது மாற்ற வேண்டும். என் புள்ளி சராசரியில் ஆறு ஏழு குறைந்தது. ஆனால் அதற்குக் குழாய் இல்லை, ரெகுலேட்டர் இல்லை, கழுத்தில் திகதி இல்லை. பால்மா வாங்கப் போகலாம்.

ஆகவே கூட்டாளிக்கு என் பதில்: நல்ல நிலையில் ஒரு 300எஸ் கிடைத்தால் அதை எடு. மகள் இரண்டு வருடம் அதில் நிற்கட்டும். காற்றுக் குழாய் வகை பக்கம் போகவே போகாதே. போவதாக இருந்தால், துப்பாக்கிக் குழலைப் பார்ப்பதற்கு முன் காற்றுக் குழாயின் கழுத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல். அந்தக் குழாய் இன்னும் செய்கிறார்களா என்று கேள். ஈர ஃபில்டருக்கு இப்போதே காசு எடுத்து வை.

உடனே பதில் வந்தது. "அப்ப நீ விக்கப் போறியா உன்ரதை?"

இல்லை. மூன்றாவது குழாய்க்கு முந்தாநாள்தான் காசு அனுப்பினேன். இந்த முறை கழுத்தின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகுதான். 2024. ஒரு வருடம் பெட்டிக்குள்ளேயே போய்விட்டது, பரவாயில்லை, 2034 வரை ஓடும்.

சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், இரண்டையும் பிடித்துப் பார்க்கட்டும். தண்ணீர்ப் போத்தலும் கொண்டுவரச் சொன்னேன்.