ஐசியு ட்ரயலுக்கான ஆன்லைன் சேவை: ரேண்டமைசேஷன் அருமை, அதற்கப்புறம்தான் சிக்கல்

எங்கள் ஐசியுவில் ஒரே நோயாளியை ஆன்டிபயாட்டிக், ஸ்டீராய்டு, வென்டிலேட்டர் முறை என்று மூன்று கேள்விகளுக்கும் ரேண்டமைஸ் செய்யும், அதாவது எந்தச் சிகிச்சை என்று குலுக்கல் முறையில் பிரிக்கும் ட்ரயல் (மருத்துவ ஆய்வு) ஒன்று நடக்கிறது. தகுதி பார்ப்பதிலிருந்து படிவங்கள் வரை எல்லாம் ஸ்பான்சர் கொடுத்த ஓர் ஆன்லைன் சேவை வழியாகத்தான்.

ரேண்டமைசேஷன் பகுதி உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. போனிலேயே திறக்கிறது, நோயாளிக்கு ஏற்கெனவே ஸ்டீராய்டு போய்க்கொண்டிருந்தால் அந்தக் கேள்வியை மட்டும் தானாக மூடிவிட்டு மற்ற இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. நடு ராத்திரியில் செப்டிக் ஷாக்கோடு (கிருமித் தொற்றால் ரத்த அழுத்தம் ஆபத்தாகக் குறைந்த நிலையில்) ஒருவர் வரும்போது, டியூட்டி டாக்டர் யாருக்கும் போன் போட்டு எழுப்பாமல் முடித்துவிடலாம். உயரத்தைக் கேட்டு, அதிலிருந்து கணித்த எடைக்கு எத்தனை மில்லி டைடல் வால்யூம் (வென்டிலேட்டர் ஒவ்வொரு மூச்சுக்கும் தரும் காற்றின் அளவு) என்றும் அதுவே சொல்கிறது.

சம்மதம் விஷயத்தில் பாதிதான் யோசித்திருக்கிறார்கள். மயக்கத்தில் இருப்பவருக்காக உறவினர் கையெழுத்துப் போட்டால், அவர் தெளிந்த பிறகு அவரிடமே கேட்கச் சொல்லி நினைவூட்டல் வருகிறது, ஆனால் வார்டுக்கு மாற்றியதும் அது நின்றுவிடுகிறது. பலர் தெளிவாகப் பேசத் தொடங்குவதே வார்டில்தான்!

தினசரிப் படிவம் பெரிய பாரம். மருத்துவமனைக் கணினியில் இருக்கும் லேப் ரிசல்ட்டையே நர்ஸ் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது. 2020 மார்ச்சில் பிரிட்டனில் கோவிட் சிகிச்சைகளுக்காகத் தொடங்கிய ரெகவரி ட்ரயலில் சேர்க்கும்போது ஒரு சின்னப் படிவம், டிஸ்சார்ஜ் அல்லது 28ஆம் நாளில் இன்னொன்று, மற்றதெல்லாம் தேசியப் பதிவுகளிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அந்த ஜூனிலேயே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு பலன் தருமா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. வென்டிலேட்டர் முறையைச் சோதிக்கும் ட்ரயலுக்கு அவ்வளவு சுருக்கம் போதாது, சரி, அதற்காக எழுதியதையே திரும்ப எழுதச் சொல்வது நியாயமில்லை.

எனக்குப் பெரிய குறை வேறு. யார் எந்தப் பிரிவு என்று இந்தச் சேவைக்குத் தெரியும், அந்தச் சிகிச்சை படுக்கையில் நிஜமாகவே நடக்கிறதா என்று காட்டாது. 2000இல் வெளியான ஏஆர்டிஎஸ் (நுரையீரல் திடீரெனக் கடுமையாகச் செயலிழக்கும் நிலை) ட்ரயலில் டைடல் வால்யூமைக் கிலோவுக்கு 6 மில்லி, 12 மில்லி என்று ஒப்பிட்டார்கள். முதல் மூன்று நாளில் இரு பிரிவின் சராசரியும் 6.2, 11.8 என்று விலகியே நின்றன, அதனால்தான் இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 ஆகக் குறைந்தது என்ற முடிவை நம்ப முடிந்தது. இரண்டு பிரிவும் நடுவில் எங்கோ கலந்துவிட்டால் 'வித்தியாசம் இல்லை' என்ற முடிவுக்கு என்ன அர்த்தம்? இங்கே டாஷ்போர்டில் பளிச்சென்று தெரிவது எத்தனை பேரைச் சேர்த்தோம் என்பதுதான். வென்டிலேட்டர் அளவு விலகியதைப் பற்றிய கேள்வி மெயிலில் வரும்போது நோயாளி வீட்டுக்கே போயிருப்பார். அன்றைக்கே, அந்த ஷிஃப்டிலேயே ஓர் எச்சரிக்கை வந்தால் போதும், நர்ஸே சரிசெய்துவிடுவார்.

உதவி மையம் சீக்கிரம் பதில் சொல்கிறது. ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். வென்டிலேட்டர், திரவம், மயக்க மருந்து என்று பல நாள் நீளும் சிகிச்சையைச் சோதிக்கப் போகிறவர்கள், கையெழுத்திடும் முன் அந்தத் தினசரி எச்சரிக்கை உண்டா என்று கேட்டுவிடுங்கள்.