புல்தரை ஓரக்கல் பதிக்கக் கொடுக்கிறீர்களா? பள்ளத்தை மூடும் முன் பாருங்கள்

தோட்டம் அமைத்துத் தருகிறோம் என்று வருபவர்களிடம், புல்தரைக்கும் செடிப் பாத்திக்கும் நடுவே ஓரக்கல் பதிக்கும் வேலையைக் கொடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை.

வீடு சூலூர் பக்கம். மனை முழுக்கக் கரிசல். முன்வாசலில் பெர்முடா புல் போட்டிருக்கிறோம். நர்சரியில் அந்தப் பெயரில் விற்பது நம் அருகு இனந்தான். மண்ணுக்கு மேலே கொடியாக ஓடும், மண்ணுக்குள்ளே தண்டாகவும் ஓடும். பாத்திக்குள் நுழைந்துவிட்டால் மல்லிகை வேரோடு பின்னிக்கொள்ளும். கொத்தி எடுத்தாலும் உள்ளே தங்கிய துண்டு மறுபடி முளைக்கும். அதைத் தடுக்கத்தான் ஓரக்கல் கேட்டோம்.

கொட்டேஷனில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். ஆறு அங்குலப் பள்ளம், அடியில் மூன்று அங்குலக் கான்கிரீட், அதன்மேல் கெர்ப் கல் (ஓரக்கல்லைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்), கல்லின் பின்பக்கம் கலவை அணைப்பு. கூலி ரன்னிங் அடிக் கணக்கு, அதாவது கல் ஓடும் நீளத்துக்கு அடிக்கு இவ்வளவு என்று. "ஒரு கொடிகூட அந்தப் பக்கம் போகாதுங்க அக்கா. கோரைகூட வராது" என்றார் சூப்பர்வைசர். பாதிப் பணம் முன்பணம்.

கோரை வராது என்று யாராவது சொன்னால் அங்கேயே உஷாராகிவிடுங்கள். கோரை முளைப்பது பாத்தி மண்ணுக்குள் ஏற்கெனவே கிடக்கும் கிழங்கிலிருந்து. ஓரத்தில் எந்தக் கல்லை வைத்தாலும் அது நிற்காது.

நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போய்விட்டோம். வீட்டில் அத்தை மட்டும். நாங்கள் திரும்புவதற்குள் கல்லையெல்லாம் வரிசையாக நிறுத்தி, இரண்டு பக்கமும் மண் அணைத்து, தண்ணீர் தெளித்து முடித்துவிட்டார்கள். "ஜல்லியே இறக்கலையேம்மா, அப்புறம் எதுல கான்கிரீட் போட்டாங்க?" என்று அத்தை கேட்டார். சூப்பர்வைசருக்குப் போன் போட்டால், கலவையை மூட்டையிலேயே கொண்டுவந்துவிட்டோம் என்கிறார். மேலே பார்க்க நூல் பிடித்த மாதிரி இருந்தது. மீதிப் பணத்துக்கு விடாமல் போன் செய்து வாங்கிக்கொண்டார்கள்.

ஐப்பசி மழை இறங்கியதும் கல் ஒவ்வொன்றாகச் சாய ஆரம்பித்தது. சாய்ந்த ஒன்றை வீட்டுக்காரர் கையாலேயே தூக்கிவிட்டார், கடப்பாரை தேவைப்படவில்லை. அடியில் நகத்தளவு கனத்துக்குச் சிமெண்டுப் பூச்சு, அதுவும் விரலால் சுரண்டினால் பொடியாக உதிர்கிறது. பூச்சுக்குக் கீழே பழைய புல் மட்கியும் மட்காமலும் கிடந்தது. புல்லைச் செதுக்கக்கூட இல்லை, அதன் மேலேயே கல்லை வைத்திருக்கிறார்கள். வெயில் படாமல் வெளுத்த அருகந்தண்டுகள் அந்தப் பூச்சுக்கு அடியில் நுழைந்து, நேராகப் பாத்திக்குள் போயிருந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் வெடித்துச் சுருங்கும். அதன்மேல் வெறுமனே நிறுத்திய கல் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. மேல்மண்ணை வெட்டி எடுத்துவிட்டு, கிராவல் கொட்டித் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி, அதன்மேல் கான்கிரீட் போட வேண்டும். மண் அசையும்போது கான்கிரீட் வெடிக்காமலிருக்க அதில் இடையிடையே மெல்லிய இடைவெளியும் விட வேண்டும். செம்மண் இவ்வளவு ஆட்டம் காட்டாது, ஆனால் அங்கேயும் அடித்தளம் வேண்டும்.

இன்னொரு கொடுமை தண்ணீர். வாட்டம் எந்தப் பக்கம் என்று பார்க்காமல், பாத்தியின் தாழ்வான பக்கத்தை ஓட்டையே இல்லாமல் அடைத்துவிட்டார்கள். பாத்தி குளமாகத் தேங்கி, அத்தை பிள்ளை மாதிரி வளர்த்த மல்லிகையில் பாதி வேர் அழுகிப் போயிற்று. தாழ்வான இடத்தில் கல்லுக்கடியில் ஒரு பிவிசி குழாய்த் துண்டை வைத்திருந்தால் போதும். சொட்டுநீர்க் குழாயையும் ஓர் இடத்தில் வெட்டி, சொல்லாமல் மண்ணைப் போட்டு மூடியிருக்கிறார்கள். மோட்டார் ஓடியும் அந்த வரிசைச் செடிகள் வாடியதால்தான் தெரிந்தது.

பில்லில் 140 அடி. டேப் பிடித்தால் 112. மீதி 28 அடி, காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய பக்கம். அங்கே ஒரு கல்லும் கிடையாது.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால் பள்ளம் தோண்டும் நாளில் யாராவது ஒருவர் வீட்டில் இருங்கள். டேப்பை உள்ளே விட்டு ஆழத்தைப் பாருங்கள், படம் எடுங்கள், அதற்குப் பிறகுதான் கலவை கொட்டச் சொல்லுங்கள். கல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்குள் போக வேண்டும், அருகுக்கு இன்னும் ஆழம் நல்லது. கலவையைக் குறைந்தது ஏழு நாள் நனைத்து வைக்க வேண்டும், அது முடியும்வரை மீதிப் பணம் கிடையாது என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். கல்லுக்குப் பதில் பிளாஸ்டிக் பட்டை போடுபவர்கள் வெயில் தாங்கும் ரகமா என்று கேளுங்கள், சாதாரண ரகம் மொறுமொறுத்து உடைந்துவிடும். கல்லோ பட்டையோ, மேல் விளிம்பு மண்ணுக்கு மேலே கொஞ்சம் தெரிய வேண்டும், இல்லையென்றால் கொடி அதன்மேல் ஏறியே தாண்டிவிடும்.

போன் செய்தால் முதலில் "ஆள் அனுப்புறேங்க அக்கா" என்றார்கள். பிறகு எடுப்பதே இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். கொட்டேஷன், பில், பணம் அனுப்பிய ரசீது மூன்றையும் பத்திரமாக வையுங்கள். வெறும் வாய்ப்பேச்சில் வேலை கொடுத்திருந்தால் வாட்ஸாப் உரையாடலையாவது அழிக்காதீர்கள்.

கல்லைப் பெயர்த்தபோது எடுத்த படங்கள் என்னிடம் இருக்கின்றன. கோவை, திருப்பூர் பக்கம் இப்போது இந்த வேலைக்குப் பேசிக்கொண்டிருப்பவர்கள் கேட்டால் அனுப்புகிறேன்.